கர்ப்பிணிகள் வெளியே சொல்லாத மூல வேதனை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மண்டபம் வட்டாரக் கடற்கரைக் கிராமங்களில் கிராம சுகாதார செவிலியராகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். கர்ப்பிணிகளின் இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்தசோகை பற்றியெல்லாம் இப்போது ஊரில் தாராளமாகப் பேசுகிறார்கள். ஆசனவாயில் இரத்தக் குழாய்கள் வீங்கி வரும் மூலத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. அதனால் விளையும் கேட்டைக் கண்ணால் கண்டவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஒரு பரிசோதனை நாளில், எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவர் பெஞ்சில் இடம் இருந்தும் உட்காராமல் சுவரைப் பிடித்துக்கொண்டே நின்றிருந்தார். கேட்டதற்குக் கால் வலி என்றார். எல்லோரும் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு மறுபடி கேட்டேன். "உக்கார முடியலக்கா, ரத்தமும் போகுது, எங்க மாமியாருக்குக்கூடத் தெரியாது" என்று சொல்லி அழுதார். அவர் வீட்டுக்குப் போனபோது அரிசிப் பானைக்குப் பின்னால் இரும்புச்சத்து மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமல் கிடந்தன. மாத்திரை போட்டால் மலம் இறுகுகிறது என்று இரண்டு மாதமாக அவற்றை நிறுத்திவிட்டு, கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையைத் தின்றுகொண்டிருந்தார். இரத்தம் ஒருபுறம் போக, இரத்தம் ஊற வேண்டிய மருந்தும் நின்றுபோயிருந்தது.

இதை 'உடம்புச் சூடு' என்று சொல்லி விட்டுவிடுகிறோம். குழந்தை வளர வளரக் கருப்பை இடுப்புப் பகுதியின் இரத்தக் குழாய்களை அழுத்துவதாலும், கர்ப்ப காலத்தில் மிகுதியாகச் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் குழாய்ச் சுவர்களைத் தளர்த்திக் குடலின் அசைவையும் மந்தமாக்குவதாலும்தான் கடைசி மூன்று மாதங்களில் மூலம் அதிகம் தலைகாட்டுகிறது. நம் கடற்கரையில் வேறு காரணங்களும் சேர்ந்துகொள்கின்றன. கிணற்று நீர் உப்பு. குடிதண்ணீரைக் குடக்கணக்கில் விலைக்கு வாங்கும் வீட்டில் கர்ப்பிணிதான் கடைசியாகக் குடிக்கிறார். கழிப்பறை இல்லாத வீட்டுப் பெண் இருட்டும்வரை அடக்கிக்கொள்கிறார்; அடக்க வேண்டியிருக்குமே என்று தண்ணீரையும் குறைத்துக்கொள்கிறார். சோறும் மீன் குழம்பும் சத்தான சாப்பாடுதான். ஆனால் மீனில் நார்ச்சத்து கிடையாது, காய்கறியோ இங்கே விலை அதிகம்.

இந்த வேதனையைத் தணிக்கும் வழிகளில் பெரும்பாலானவை எளியவை, குழந்தைக்கும் தீங்கில்லாதவை. அகலமான பேசினில் கை பொறுக்கும் இளஞ்சூட்டில் நல்ல தண்ணீரை ஊற்றி, இடுப்பின் கீழ்ப்பகுதி மூழ்கும்படி பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, குறிப்பாக மலம் கழித்த பின் செய்தால் இறுக்கம் தளர்ந்து வலி குறையும். உப்போ டெட்டாலோ கலக்கத் தேவையில்லை. பேசினில் ஏறி இறங்கும்போது பக்கத்தில் ஓர் ஆள் இருப்பது நல்லது. வீக்கமும் எரிச்சலும் மிகுந்திருந்தால் ஐஸ் கட்டியைச் சுத்தமான துணியில் சுற்றிச் சில நிமிடம் வைக்கலாம்; வெறுமனே வைத்தால் தோல் புண்ணாகிவிடும். மீன் ஆயவும் கருவாடு காயப்போடவும் மணிக்கணக்கில் குந்தியிருக்கும் பெண்கள் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும். படுக்கும்போது இடது பக்கம் சாய்ந்து படுத்தால் அழுத்தம் குறையும். மலம் கழிக்கும்போது முக்கக் கூடாது. வரவில்லையென்றால் எழுந்துவிட்டு, உந்துதல் வரும்போது அடக்காமல் போக வேண்டும்.

முருங்கைக்கீரை, கேழ்வரகுக் கூழ், கொய்யாப்பழம், தை மாதத்தில் மலிவாகக் கிடைக்கும் பனங்கிழங்கு ஆகியவை நார்ச்சத்து தருபவை. நம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் பெருமைதான். காரம் எரிச்சலைக் கூட்டுகிறது என்று தெரிந்தால் பிரசவம் முடியும்வரை அதைக் குறைத்துக்கொள்ளலாம். உணவால் மட்டும் சரியாகாவிட்டால் இசப்கோல் உமி, லாக்டுலோஸ் போன்ற மருந்துகளை மருத்துவர் கர்ப்ப காலத்திலும் எழுதிக் கொடுப்பார். உமியை நிறையத் தண்ணீரோடு குடிக்காவிட்டால் அதுவே மலத்தை அடைத்துவிடும். சத்து மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் மருத்துவர் அளவையோ வகையையோ மாற்றித் தருவார், தேவைப்பட்டால் ஊசி வழியாகவும் இரும்புச்சத்து ஏற்றுவார்.

கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைதான் எனக்குப் பெரும் அச்சம். டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகள் 20 வாரங்களுக்குப் பிறகு குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும். கடைசி மாதங்களில் குழந்தையின் இதயத்தை ஒட்டிய ஓர் இரத்தக் குழாய் பிறக்கும் முன்பே சுருங்கிவிடவும் கூடும். வலி தாங்காவிட்டால் மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் போதும். தடவும் மருந்தையும் அவரைக் கேட்டே வாங்க வேண்டும். விளக்கெண்ணெய் குடிப்பது கருப்பையையும் தூண்டிவிடும். நாட்டு மருந்துதானே என்று நிலவாகைச் சூரணத்தையும் கற்றாழைச் சாற்றையும் உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது. பேருந்து நிலையச் சுவர்களில் 'மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் ஒரே நாளில் குணம்' என்று ஒட்டியிருக்கும் இடங்களுக்குத் தயவுசெய்து யாரும் கர்ப்பிணியை அழைத்துப் போகாதீர்கள். அங்கே போடப்படும் ஊசியில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது.

இரத்தம் போனால் மூலம்தான் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. அது எந்த வழியாக வருகிறது என்பதே பலருக்குப் பிடிபடுவதில்லை. பிறப்புறுப்பு வழியாக வந்தால் அது வேறு ஆபத்து, உடனே 108-ஐ அழைக்க வேண்டும். திடீரென்று நீலம் பாய்ந்த கட்டி தோன்றி வலி உயிர் போகுமளவுக்கு இருந்தாலும், காய்ச்சல் வந்தாலும், தலை சுற்றினாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். மற்றபடி பிரசவத்துக்குப் பின் சில வாரங்களில் பெரும்பாலோருக்கு இது தானே சுருங்கிவிடும்.

சுகாதாரத் துறையினரிடம் ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு பரிசோதனையிலும் எடையும் இரத்த அழுத்தமும் பார்ப்பதுபோல, "மலம் கழிக்கச் சிரமம் இருக்கிறதா, இரத்தம் போகிறதா" என்று தனியறையில் கேட்கும் வழக்கம் வரவேண்டும். சத்து மாத்திரையைக் கொடுக்கும் கையே மலச்சிக்கலுக்கான ஆலோசனையையும் கொடுக்க வேண்டும்.

ஊராட்சிகளிடம் இன்னொன்று. பேசினில் மூன்று முறை உட்காரவே ஏறக்குறைய ஒரு குடம் தண்ணீர் ஆகிவிடும். குடிப்பதற்கு இரண்டரை மூன்று லிட்டராவது வேண்டும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாட்களில், கர்ப்பிணி இருக்கும் வீடுகளுக்கு லாரித் தண்ணீரில் முதல் இரண்டு குடத்தை ஒதுக்கிக் கொடுக்க வேண்டும். எந்த வீட்டில் எத்தனை மாதம் என்ற பட்டியல் அந்தந்த ஊர்ச் செவிலியரிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
மண்டபம் வட்டாரம், இராமநாதபுரம் மாவட்டம்.