சிமெண்டுக்குள் காக்கப்பட்ட லெபனான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் லெபனான் இடம்பெறும்போதெல்லாம், குண்டுவீச்சில் சரிந்த கட்டடம் ஒன்றின் படமும் உடன் வருகிறது. செய்தி என்ற அளவில் அதில் பிழை ஏதுமில்லை. ஆயினும், பணி நிமித்தம் பெய்ரூட்டில் சில ஆண்டுகள் வாழ்ந்து, அந்நாட்டின் மீது தீராத பிரியத்தோடு திரும்பியவன் என்ற முறையில், அந்தப் படங்களில் காணக் கிடைக்காத லெபனானைப் பற்றிச் சக வாசகர்களிடம் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

பெய்ரூட் தேசிய அருங்காட்சியகம் 1942-இல் திறக்கப்பட்டது. 1975-இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது, நகரைக் கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிளந்த 'பச்சைக் கோடு' அதன் வாசலை ஒட்டியே சென்றது. தொல்லியல் துறையின் தலைவராக இருந்த மோரிஸ் ஷிஹாப், தம் மனைவி ஓல்காவோடு சேர்ந்து, சண்டை ஓய்ந்திருந்த இடைவேளைகளில் செய்வித்த காரியத்தை நினைத்தால் இன்றும் மனம் நெகிழ்கிறது. சிறிய பொருள்கள் நிலவறைக்குள் வைக்கப்பட்டு, அதன் வழி சுவரெழுப்பி அடைக்கப்பட்டது. தரையில் பதிந்திருந்த மொசைக் ஓவியங்களின் மேல் பிளாஸ்டிக் விரித்துச் சிமெண்ட் பூசினார்கள். நகர்த்த முடியாத சிலைகளையும் கல் சவப்பெட்டிகளையும் சுற்றிப் பலகை அடித்து, கான்கிரீட் கொட்டி மூடினார்கள். அதன்பின் ஆயுதக் குழுக்கள் அந்தக் கட்டடத்துக்குள் புகுந்தன. சுவரெங்கும் குண்டுகள் துளைத்தன. ஆவணங்களும் வரைபடங்களும் தீக்கிரையாயின. கான்கிரீட்டுக்குள் இருந்தவை பிழைத்தன. போர் ஓய்ந்து, 1990-களில் கான்கிரீட்டை உடைத்து அவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்கள். ஷிஹாப் 1994-இல் காலமாகிவிட்டார். அருங்காட்சியகம் முழுமையாக மீண்டும் திறக்கப்பட்ட நாளைக் காண அவர் இல்லை.

அந்த மீட்புப் பணியைக் காட்டும் ஒரு சிறு படத்தை அங்கேயே திரையிடுகிறார்கள். கான்கிரீட் உடைந்து பழைய கல் வெளிப்படும் காட்சியில், என் அருகே அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் தம் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். படம் முடியும்வரை அதை எடுக்கவே இல்லை. அதே கட்டடத்தில், சுவரில் பதித்த, 'நல்ல மேய்ப்பன்' எனப்படும் பைசாந்தியக் கால மொசைக்கின் ஒரு மூலையில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. மறைந்திருந்து சுடுபவன் ஒருவன் துப்பாக்கியை நீட்டுவதற்காகக் குடைந்த ஓட்டை அது. பிற்காலத்தில் செப்பனிட்டவர்கள் அதை அடைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். நான் அதற்குள் எட்டிப் பார்க்காமல் திரும்பி வந்தேன்.

1923-இல் பிப்லோஸ் நகரில் கண்டெடுக்கப்பட்ட மன்னன் அஹிராமின் சவப்பெட்டியும் அங்கேதான் இருக்கிறது. அதன் விளிம்பில், அந்தக் கடற்கரையில் வாழ்ந்த பண்டை மக்களான பினீசியரின் எழுத்துகள் ஓடுகின்றன. அந்த 22 எழுத்துகளைக் கொண்ட நெடுங்கணக்கிலிருந்தே கிரேக்க எழுத்தும், அதன் வழியே இலத்தீன் எழுத்தும் பிறந்தன. நம் கல்வெட்டுகளின் இறுதியில், அறத்தை அழிப்பவரைச் சபிக்கும் ஓம்படைக்கிளவியைப் போலவே, இந்தப் பெட்டியைத் திறப்பவனின் ஆட்சி கவிழட்டும் என்ற சாபம் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

கல்வெட்டுகளில் ஆர்வமுள்ளவர்கள் பெய்ரூட்டுக்கு வடக்கே 'நாய் ஆறு' என்று பொருள்படும் நஹ்ருல் கல்பின் கழிமுகத்தைப் பற்றி அவசியம் அறிய வேண்டும். எகிப்தின் இரண்டாம் ராம்சேஸ் முதல் அசீரிய, பாபிலோனிய மன்னர்கள் ஊடாக, இருபதாம் நூற்றாண்டின் பிரெஞ்சு, பிரிட்டிஷ் படைகள் வரை, அவ்வழியே வந்தவர்கள் மலைப்பாறையில் தங்கள் வருகையைப் பொறித்துச் சென்றார்கள். பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் படையினர் ராம்சேஸின் கல்வெட்டு ஒன்றை அழித்து, அதன் மேலேயே தங்களுடையதை வெட்டியது பெருங்கொடுமை. அந்நியப் படைகள் 1946-இல் வெளியேறியதும் அதே பாறையில்தான் பதிவாகியிருக்கிறது.

கல்லில் எழுதாத மரபுகளும் அங்கே உண்டு. கவிஞர்கள் எதிரெதிரே அமர்ந்து, நம்மூர் எசப்பாட்டைப் போல, அந்தக் கணத்திலேயே கட்டிப் பாடும் 'ஸஜல்' 2014-இலும், 'மனூஷே' ரொட்டி செய்யும் மரபு 2023-இலும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. எங்கள் தெருமுனை அடுப்புக் கடையில் விடியற்காலையில், காட்டு மூலிகைப் பொடியையும் எள்ளையும் ஆலிவ் எண்ணெயில் குழைத்து மாவின் மேல் விரலால் பரப்புவார் ஒரு பெரியவர். மின்சாரம் இல்லாத நாள்களிலும் அந்த வாசனை தெருவில் தவறியதில்லை.

2024 நவம்பரில், இஸ்ரேல்–ஹிஸ்புல்லா போரின் நடுவே, லெபனானின் 34 பாரம்பரிய இடங்களுக்கு யுனெஸ்கோ மேம்பட்ட பாதுகாப்பு அளித்தது. ரோமானியக் கோயில்களுக்குப் பேர்பெற்ற பால்பெக்கும், பண்டைத் துறைமுகமான தீர் (டயர்) நகரும் அவற்றில் அடங்கும். எனவே ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை பால்பெக்கின் பெயர் தங்கள் நாளிதழில் வரும்போது, அங்கே இன்னும் நிற்கும் ஜூபிடர் கோயிலின் ஆறு தூண்களைப் பற்றியும், 1956 முதல் அந்த இடிபாடுகளுக்கு நடுவே நடந்துவரும் இசை விழாவைப் பற்றியும் ஒரு பெட்டிச் செய்தியாவது சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்