நள்ளிரவில் விழும் 9-ஆம் பந்து: பூல் போட்டி நடத்துவோருக்குத் திறந்த மடல்

பூல் (வெள்ளைப் பந்தைக் கோலால் அடித்து மற்றப் பந்துகளை மேசைக் குழியில், அதாவது பாக்கெட்டில், விழவைக்கும் ஆட்டம்) போட்டி நடத்தும் மன்றங்களுக்கும் பார்லர் உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

காலை 10 மணி என்று அறிவித்த போட்டி பதினொன்றரைக்குத் தொடங்குகிறது. இறுதி ஆட்டம் வரும்போது நள்ளிரவு தாண்டிவிடுகிறது. அந்நேரத்தில், போட்டால் வெற்றி என்ற எளிதான 9-ஆம் பந்தை ஒருவர் தவறவிட்டால் ‘டென்ஷன்’ என்று சொல்லிக் கலைந்துவிடுகிறோம். பல சமயம் அது டென்ஷனே அல்ல. உங்கள் அட்டவணையும் மேசையும் சேர்ந்து செய்த வேலை.

முதலில் அட்டவணை. 32 பேர், இரண்டு முறை தோற்றால் வெளியே என்ற முறையில் 62 ஆட்டம். அதுவரை தோற்காதவர் இறுதியில் தோற்றால் 63. கையில் 8 மேசை இருக்கிறது, எட்டு ஈடில் (எல்லா மேசையிலும் ஒரே நேரத்தில் நடக்கும் ஆட்டங்கள் சேர்ந்து ஓர் ஈடு) முடித்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறீர்கள். முடியாது. ஒருமுறை தோற்றவர்கள் தங்களுக்குள் ஆடும் தோற்றவர் பக்கத்தில் மட்டும் 8 சுற்று உண்டு; ஒன்று முடியாமல் அடுத்தது தொடங்காது. முதல் ஆட்டத்திலேயே தோற்று இறுதிவரை வருபவர் 10 ஆட்டம் ஆடியாக வேண்டும். ஆகவே 8 மேசையில் 12 ஈடு ஆகும். கடன் வாங்கி மேசையை 16 ஆக்கினாலும் 10-க்குக் கீழே இறங்காது. கடைசி ஐந்து ஈட்டிலும் 8-இல் ஐந்து மேசையாவது சும்மா கிடக்கும். ‘ரேஸ் டு 5’, அதாவது முதலில் 5 ரேக் (பந்துகளை ஒருமுறை அடுக்கி ஆடி முடிப்பது ஒரு ரேக்) ஜெயிப்பவருக்கே ஆட்டம் என்றால், 5 முதல் 9 ரேக் வரை போகும். ஆட்டத்துக்கு 50 நிமிடம் வைத்தால், மூச்சுவிட இடைவெளி இல்லாமலே 10 மணி நேரம்.

இதற்கு வழி இருக்கிறது. கடைசி 16 பேர் தேறும் வரை மட்டும் இரட்டைத் தோல்வி. அதன்பின் தோற்றவர் நேரே வீட்டுக்கு. இப்படி 55 ஆட்டம், 9 ஈடு, ஏழரை மணி நேரம். நுழைவுக் கட்டணம் கட்டிய எல்லோருக்கும் இரண்டு ஆட்டமாவது கிடைத்துவிடும். இன்னும் சுருக்க வேண்டுமா? தோற்றவர் பக்கத்தை ‘ரேஸ் டு 4’ ஆக்குங்கள். எல்லா மேசைக்கும் ஷாட் கடிகாரம் வைக்க ஆளும் கிடைக்காது, தேவையும் இல்லை. 40 நிமிடத்தில் மொத்த ரேக்குகளில் பாதியைக்கூடத் தாண்டாத மேசைக்கு மட்டும் ஒருவரை நிறுத்தி, ஷாட்டுக்கு 35 விநாடி என்றால் போதும்.

பெயர்ப்பதிவை முந்தின இரவே மூடுங்கள். 27 பேர்தான் வந்தால் டிராவில் 5 ‘பை’ (எதிராளி இல்லாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் இடம்) விழும். அவற்றை ஒரே மூலையில் குவிக்காமல் பரப்பிப் போடுங்கள். தாமதமாக வருபவருக்குப் பை கொடுத்துக் காத்திருப்பது, நேரத்துக்கு வந்தவரைத் தண்டிப்பதுதான். 10 நிமிடம் தாமதித்தால் ஒரு ரேக் போச்சு, 15 நிமிடம் என்றால் ஆட்டமே போச்சு என்று எழுதி ஒட்டுங்கள். பந்துகளை அடுக்கும் மரச் சட்டத்துக்குப் பதில் மெல்லிய பிளாஸ்டிக் டெம்ப்ளேட் போட்டால் பந்துகள் இடைவெளியின்றி ஒட்டி நிற்கும். ‘ரேக் சரியில்லை, மறுபடி வை’ என்ற சண்டையும் நேரமும் மிச்சம்.

இனி, பந்து ஏன் விழுவதில்லை என்பது. பூல் பந்தின் விட்டம் 57 மி.மீ., அதாவது இரண்டேகால் அங்குலம். நாலரை அங்குல மூலைப் பாக்கெட்டுக்கு நான்கடி தள்ளிக் குறிப்பந்து (குழியில் போட வேண்டிய பந்து) நேராக நிற்கிறது என்று வையுங்கள். அதன்மேல் மோத வரும் வெள்ளைப் பந்தின் பாதை பக்கவாட்டில் சுமார் 1.3 மி.மீ. விலகினாலே பந்து பாக்கெட்டின் ஓரத்துக்குப் போய்விடும். அதே ஷாட் 60 டிகிரி வெட்டாக (குறிப்பந்தைச் சாய்வாகத் திருப்பி அனுப்பும் அடியாக) இருந்தால் அந்தச் சலுகை பாதியாகக் குறையும். வேகமாக அடித்தால் இன்னும் மோசம். தாடையில் (பாக்கெட் வாயின் ஓரத்தில்) பட்ட பந்தைப் பாக்கெட் துப்பிவிடும்.

இதில் கை நடுக்கத்துக்கும் குறி பிசகுவதற்கும் ஆட்டக்காரர்தான் பொறுப்பு. பக்கச் சுழற்சி கொடுக்கும்போது வெள்ளைப் பந்து எதிர்ப்பக்கம் சற்று விலகிக் கிளம்புவதையும் அவர்தான் கணக்கில் வைத்துக் குறிபார்க்க வேண்டும். ஆனால் பந்துக்கும் பந்துக்கும் இடையே உள்ள உராய்வு உங்கள் கையில் இருக்கிறது. 30 டிகிரி வெட்டில், சுழலாமல் வழுக்கி வரும் வெள்ளைப் பந்து மெதுவாக மோதும்போது, குறிப்பந்தைத் தான் போகும் திசைக்கே கொஞ்சம் இழுத்துவிடும். குறி சரியாக இருந்தும் பந்து ‘திக்’காக, அதாவது போதிய வெட்டு விழாமல், போகும். இந்த இழுப்பு நாலைந்து டிகிரி வரை வரலாம். இரண்டடி தள்ளியுள்ள பாக்கெட்டில் அது ஒன்றரை அங்குலத்துக்கும் மேல். பாக்கெட்டின் ஒரு பக்கச் சலுகையோ ஓர் அங்குலத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். பந்தில் கைப்பிசுக்கும், கோல் நுனியில் தேய்க்கும் சாக்பொடியும் ஏற ஏற இழுப்பு கூடும். மோதும் இடத்திலேயே சாக் புள்ளி இருந்தால் எந்தக் கணக்கும் உதவாது. நல்ல ஆட்டக்காரர் இந்த இழுப்பைப் பழக்கத்தால் ஈடுகட்டித்தான் குறிபார்க்கிறார். ஆனால் அந்தப் பழக்கம் சுத்தமான பந்தில் வந்தது. 3-ஆம் மேசையில் துடைத்த பந்து, 7-ஆம் மேசையில் மூன்று நாள் அழுக்கு என்றால் அவர் எதை நம்பி அடிப்பார்?

எனவே போட்டிக்கு முன் எல்லாப் பந்துகளையும் பந்துக்கான பாலிஷால் கழுவுங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இடையில் ஈரத்துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை துடைக்க ஒரு பையனைப் போடுங்கள். 9 பந்தும் வெள்ளையும் இரண்டு நிமிட வேலை. மேசைத் துணியைத் தட்டாமல் வேக்குவம் செய்யுங்கள். தட்டினால் சாக்பொடி எழும்பி மறுபடி அங்கேயே படியும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஏசியை முதல் ஆட்டம் தொடங்கும்போது போடாதீர்கள். ஈரம் ஏறிய துணியில் பந்து மெதுவாக ஓடும். மதியம் துணி காய்ந்ததும் அதே வலு அதே பந்தை ஓரடி அதிகம் ஓட்டும். காலையில் பழகிய கணக்கு மாலையில் பொய்த்துவிடும். இரண்டு மூன்று மணி நேரம் முன்பே போட்டு, இடையில் அணைக்காமல் விடுங்கள்.

காத்திருப்பும் பந்தைத் தவறவிட வைக்கும். மூன்று மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவரை ‘உடனே 5-ஆம் மேசை’ என்று கூப்பிட்டால் முதல் இரண்டு ரேக்கில் அவர் கை இளகாது. ‘ரேஸ் டு 5’-இல் இரண்டு ரேக் என்பது கிட்டத்தட்டப் பாதி ஆட்டம். ஒவ்வொரு மேசைக்கும் அடுத்து ஆடப்போகிறவர் பெயரை முன்கூட்டியே எழுதி வையுங்கள். ஆடப்போகும் மேசையிலேயே இருவருக்கும் ஐந்து ஐந்து நிமிடம் கொடுங்கள். அந்த நேரம் மேலே சொன்ன சுருக்கத்திலிருந்து தாராளமாகக் கிடைக்கும்.

கால் இறுதியில் 4 மேசை காலியாகும். அவற்றை உடனே மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் வழக்கம் இருக்கிறது. வருமானம் தேவைதான், மறுக்கவில்லை. இரண்டை விடுங்கள், ஆனால் ஆட்டம் நடக்கும் மேசைக்கு அடுத்ததாக இல்லாமல். மற்ற இரண்டும் அரை இறுதிக்குக் காத்திருப்பவர்கள் பழக இருக்கட்டும்.

இப்படிக்கு,
போட்டிகளில் ஆடுபவர்கள், நடுவர்கள்