கர்ணனை அந்த மடியில் சாக விடுங்கள்

எங்கள் பாரத விழாக் குழுப் பெரியவர்களுக்கு, குடியாத்தம் பக்கத்துக் கூத்து ஜமாவில் குந்தி வேஷம் கட்டுகிறவனின் வணக்கம்.

கர்ணன் சாவதை ஆடும் கர்ண மோட்சம் கூத்து ராத்திரி என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். கர்ணன் என் மடியில் கிடக்கிறான், கிரீடமும் புஜக்கட்டையுமாக முழு கனமும் என் தொடைமேல். "மகனே" என்று ஒப்பாரி எடுக்க வாயைத் திறக்கிறேன், மைக் நின்றுவிட்டது. கரண்ட் போயிருக்கும் என்று பார்த்தால் லைட் எரிகிறது, பக்கத்தில் பாட்டுக் கச்சேரிக்குக் கீபோர்டு ஏறிக்கொண்டிருக்கிறது. கர்ணன் வேஷக்காரர் எனக்கு அண்ணன் முறை, 20 வருஷமாக இந்த வேஷம் கட்டுகிறவர். செத்தவன் எழுந்து நடப்பதை ஜனங்கள் பார்க்கக் கூடாது என்று கால் மணி நேரம் கண்ணைத் திறக்காமல் அப்படியே கிடந்தார். கடைசியில் திரையைப் பிடித்து மறைத்துத்தான் அழைத்துப் போனோம். அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லை.

அந்த இடத்தில் நிறுத்தியதுதான் தாங்கவில்லை. பெட்டியில் வைத்து ஆற்றில் விடப்பட்ட பிள்ளை, தேரோட்டி வீட்டில் வளர்ந்தவன், போருக்கு முன்னால் வந்து நிற்கும் தாயிடம் ராஜ்ஜியம் கேட்கவில்லையே. நான் செத்த பிறகு என்னை மடியில் போட்டு மகன் என்று ஊரறிய அழு என்றுதானே கேட்டான்? ஆயுசு முழுக்க அவனுக்குள் இருந்த பசி அது ஒன்றுதான். துரியோதனனை அவன் விடாததற்கும், பெண்டாட்டி பொன்னுருவி பிறப்பைச் சொல்லி ஏசும்போது குறுகிப்போவதற்கும் அதுவே காரணம் என்று வைத்துத்தான் இந்த வருஷம் ஆடினோம். தாயைப் பிரிந்த குழந்தையின் மனசு என்ன ஆகும் என்று 1951-லேயே ஜான் பௌல்பி என்ற வெள்ளைக்கார டாக்டர் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார், நம் கூத்தில் அது அதற்கு முன்பிருந்தே இருக்கிறது. நாங்கள் மாற்றியது ஒன்றுதான். சிரிக்க வைக்கிற கட்டியங்காரன், கர்ணன் தனியாக நிற்கும்போதெல்லாம் பின்னால் வந்து "நீ யார் பிள்ளை?" என்று மெதுவாகக் கேட்பான். அந்தக் கேள்விக்குப் பதில் என் ஒப்பாரியில் இருந்தது. அதைத்தான் நிறுத்தினீர்கள்.

உங்களில் ஒருவர் மைக்கிலேயே "கர்ணனைப் பாகாயத்துக்கு அனுப்புகிற மாதிரி ஆக்கிட்டீங்களே" என்றார். பாகாயம் மனநல ஆஸ்பத்திரிக்குப் போய்க் குணமாகி வந்தவர்கள் அந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள் ஐயா. மனசு வலிக்கிறது என்று காட்டினால் அவமானம் என்று யார் சொன்னது? கர்ணன் வீரன்தான், வலித்த வீரன்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் மைக் வைக்கக் கூடாது என்ற சட்டம் என்றீர்கள். 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளிலேயே விழாக்களுக்கு வருஷத்தில் 15 நாள் வரை, நள்ளிரவு 12 மணி வரைக்கும் அரசு அனுமதி தர இடம் இருக்கிறது. பாட்டுக் கச்சேரி 12 வரை நடந்ததே. அந்த அனுமதி எங்களுக்கு மட்டும் பத்து மணிக்கே முடிந்துபோனது எப்படி? விடிய விடிய ஆடிய கூத்தை மூன்று மணி நேரமாகச் சுருக்கச் சொன்னீர்கள், சுருக்கினோம். பொன்னாடை போடுகிறேன் என்று அதிலும் முக்கால் மணி நேரத்தை எடுத்துக்கொண்டால், முகவீணைக்காரர் எதைத்தான் வாசிப்பார்? ஊர் ஊருக்கு இதே கதைதான், பிள்ளைகள் வேஷம் கட்ட வரமாட்டேன் என்கிறார்கள்.

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கூலியை ஏற்றச் சொல்லவில்லை, மேடையும் வேண்டாம், திரௌபதி அம்மன் கோயில் களம் போதும். அடுத்த வருஷம் கர்ண மோட்சத்தன்று வேறு நிகழ்ச்சி வைக்காமல், ஏழு மணிக்கு ஆரம்பித்து 12 வரை எங்களுக்கு விட்டுக்கொடுங்கள். கர்ணன் செத்து, குந்தி அழுது முடிக்கிற வரைக்கும் மைக்கை யாரும் தொட வேண்டாம். சரி என்றால் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள், அச்சாரம் இல்லாமலே தேதியை எழுதி வைத்துக்கொள்கிறோம்.