அஞ்சாவது ஆளுக்கு இடமில்லை: ஒகேனக்கலுக்கு ஆள் கூட்டி வருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஓசூர் கம்பெனிகளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை டூர் ஏற்பாடு செய்கிறவர்கள், கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள், பெங்களூரு வேன் ஓட்டுநர்கள், கோயிலில் மொட்டை போட்டுவிட்டு அப்படியே ஒகேனக்கலையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சொந்தபந்தத்தைத் திரட்டி வரும் பெரியவர்கள், உங்களுக்குத்தான் இந்த மடல். எழுதுகிற நாங்கள் பரிசல் கட்டவும் ஓட்டவும் தெரிந்தவர்கள். பரிசலில் ஏறப்போகிறவர்கள் பெரும்பாலும் நீங்கள் சொல்வதைக் கேட்டுத்தான் ஏறுகிறார்கள். பரிசல் துறையில் நின்றுகொண்டு, "இன்னும் ஒரே ஒரு ஆள்தானே, சின்னப் பையன்தானே" என்று பேசுகிறவரும் நீங்கள்தான்.

ஒரு பரிசலுக்கு நான்கு பயணிகள், ஓட்டி ஒருவர். அஞ்சாவது ஆள் ஏறினால் பரிசல் முழுகிவிடுமா என்று கேட்பீர்கள். முழுகாது, அதை நேராகவே சொல்லிவிடுகிறோம். ஒகேனக்கல் பரிசல் விளிம்பில் ஏழடிக்குச் சற்று மேல் விட்டம் இருக்கும். தண்ணீரில் பதியும் அடிப்பாகம் அதைவிடக் குறுகல், ஆறடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அகலத்துக்கு 70 கிலோ ஆள் ஒருவர் ஏறினால் பரிசல் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர்தான் தாழும். அதனால்தான் கரையில் நின்று பார்க்கும்போது "இன்னும் இடம் இருக்கே" என்று தோன்றுகிறது.

பரிசலைக் கவிழ்ப்பது சாய்வு. படகுக்கு இருப்பதுபோல் அடியில் கட்டை கிடையாது, முன்பக்கம் பின்பக்கம் என்பதும் கிடையாது. தட்டு மாதிரி மிதக்கிறது. நான்கு பேர் நான்கு பக்கமும் விளிம்பை ஒட்டி, தரையில் உட்கார்ந்து, உள்பக்கம் பார்த்திருந்தால் ஒருவர் எடையை எதிரில் இருப்பவர் எடை தாங்கிக்கொள்ளும். அஞ்சாவது ஆள் வந்தால் அவருக்கு எதிர் ஆள் இல்லை. அவர் நடுவில் உட்காரும்வரை பெரிய குறை தெரியாது. ஆனால் அருவியைக் கண்டதும் யார் நடுவில் உட்கார்ந்திருப்பார்கள்? போனை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரின் தோளோடு சாய்வார். ஒரே பக்கத்தில் இரண்டு பேர், இன்னொருவர் எட்டிப் பார்க்கிறார், அந்தப் பக்க விளிம்பு தண்ணீர் மட்டத்துக்கு வருகிறது. ஒரு வாளித் தண்ணீர் உள்ளே புகுந்தால் அதுவும் தாழ்ந்த பக்கமே ஓடிச் சேரும். அதன்பின் ஓட்டி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை.

இன்னொன்று, ஓட்டியின் கை. ஒற்றைத் துடுப்பால் முன்னால் உள்ள தண்ணீரைத் தன் பக்கம் இழுத்து இழுத்துத்தான் அவர் பரிசலை நகர்த்துகிறார். இழுப்பதை நிறுத்தினால் அது தானே திரும்பும், ஓட்டம் போகிற பக்கம் போகும். பாறை கண்ணில் பட்ட பிறகு விலகுவது நடக்காத காரியம், முன்கூட்டியே விலக்க ஆரம்பிக்க வேண்டும். எடை கூடினால் அதே விலக்கலுக்கு இன்னும் சில இழுப்பு தேவைப்படும். அதற்குள் பாறை வந்துவிடும்.

"அண்ணா, ஒரு சுத்து சுத்தி விடுங்க" என்று மேலே நூறு ரூபாய் நீட்டுகிற பழக்கத்தையும் தயவுசெய்து விடுங்கள். சுற்றும்போது உட்கார்ந்திருப்பவர்கள் வெளிப்பக்கம் தள்ளப்படுவார்கள். ஓட்டிக்கும் ஆறு எந்தப் பக்கம், பாறை எந்தப் பக்கம் என்று ஒரு நொடி பிடிபடாது. ஓட்டமில்லாத இடமாகப் பார்த்து அவரே சுற்றினால் சரி, நீங்கள் கேட்டு வாங்க வேண்டாம்.

பரிசல் என்பது மூங்கில் தப்பைகளைக் குறுக்கும் நெடுக்கும் பின்னி, வெளியே பிளாஸ்டிக் விரித்துத் தார் பூசியது. அந்தக் காலத்தில் தோல் போர்த்தினார்கள். வெயிலில் தார் வெடிக்கும், பாறையில் உரசினால் பிளாஸ்டிக் கிழியும். ஏறும் முன் உள்ளே குனிந்து பாருங்கள். கொஞ்சம் ஈரம் இருப்பது சகஜம், முந்தின ஆட்கள் காலோடு கொண்டுவந்தது. துறையில் சும்மா நிற்கும்போதே அடியிலிருந்து தண்ணீர் ஊறினால் அது ஓட்டை. வேறு பரிசல் கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கூர் ஹீல்ஸ் செருப்பு கரையிலேயே இருக்கட்டும்.

இனி தண்ணீர். கிளம்புகிற அன்று காலையில் நீங்கள் பார்க்க வேண்டிய எண், காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கும் நீர்வரத்து. கர்நாடக அணைகளான கிருஷ்ணராஜ சாகரிலும் கபினியிலும் திறக்கிற தண்ணீர் இங்கே வர நேரம் பிடிக்கும், அந்த வரத்து முன்கூட்டியே தெரிந்துவிடும். கனஅடி என்பது பலருக்கு வெறும் எண்ணாகவே இருக்கிறது. ஒரு கனஅடி 28.3 லிட்டர். விநாடிக்கு 10,000 கனஅடி என்றால் ஒவ்வொரு விநாடியும் 2.83 லட்சம் லிட்டர் உங்கள் எதிரே கடந்து போகிறது. அளவு கூடியதும் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளிப்பதற்கும் தடை போடுவது அதனால்தான்.

அணைத் தண்ணீரைவிட நாங்கள் பயப்படுவது பக்கத்து மழைக்கு. அஞ்செட்டி, நாட்றாம்பாளையம், கேரட்டி பக்கம் மாலையில் கொட்டினால் ஓடைகள் வழியாகச் சில மணி நேரத்தில் காவிரியில் வந்து விழும். சின்னாறும் அப்படித்தான். காலையில் நீங்கள் பார்த்த எண்ணில் இது இருக்காது. தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமாவதும், குச்சியும் சருகும் நுரையும் சேர்ந்து வருவதும் அடையாளம். ஓட்டி "திரும்பலாம்" என்றால், காசு கொடுத்த தூரம் இன்னும் முடியவில்லையே என்று அவரோடு வழக்காட வேண்டாம். தண்ணீர் வற்றிய கோடையில் வேறு மாதிரி: பாறைகள் வெளியே தெரியும், பாதை சுருங்கும், சில இடங்களில் இறங்கி நடக்க வேண்டும், பரிசலை அவர் தலையில் கவிழ்த்துத் தூக்கி வருவார். அதை ஏமாற்று என்று எண்ணாதீர்கள்.

தடை நாளில் வழியிலேயே வண்டியை மறித்து, "வேற பக்கமா கூட்டிட்டுப் போறோம்" என்று சொல்கிறவர்களோடு போகவே போகாதீர்கள். அங்கே பயணச் சீட்டு கிடையாது, லைஃப் ஜாக்கெட் இருக்குமென்று சொல்ல முடியாது. எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்று கணக்கு வைக்கவும் ஆள் இல்லை.

ஜாக்கெட்டைப் பெயருக்கு மாட்டினால் போதாது. எல்லாப் பக்கிளும் போட்டு இறுக்கிய பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் அது தண்ணீரிலும் ஏறிக் கழன்றுவிடும். பெரியவர் அளவைக் குழந்தைக்கு மாட்டி விடாதீர்கள். துப்பட்டாவும் முந்தானையும் ஜாக்கெட்டுக்குள் போகட்டும். போட்டோவுக்காகக் கழற்றுவதை நீங்களே முன்னின்று தடுக்க வேண்டும், ஓட்டி சொன்னால் யாரும் கேட்பதில்லை. தவறி விழுந்தால் மல்லாந்து, கால் முன்னே போகும்படி மிதக்கச் சொல்லுங்கள். ஓட்டத்தில் எழுந்து நிற்க முயன்றால் பாறை இடுக்கில் கால் மாட்டும், தண்ணீர் முதுகில் தள்ளி அமுக்கிவிடும்.

எண்ணெய்க் குளியலை முதலில் வைக்கிறீர்களே, அதைத்தான் மாற்றச் சொல்கிறோம். மசாஜ் முடித்து எண்ணெய் வழியும் உடம்போடு பரிசல் ஏறினால் ஜாக்கெட் நழுவும், விழுந்தவரைப் பிடித்துத் தூக்கப் போனால் கை வழுக்கும். குடித்தவர்கள் அறவே வேண்டாம்.

கணக்கை வண்டியிலேயே முடித்துவிடுங்கள். 18 பேர் என்றால் அஞ்சு பரிசல், 4 இல்லை. 40 பேர் என்றால் பத்து, 52 என்றால் 13. கைக்குழந்தையும் ஒரு தலைதான். பள்ளிப் பிள்ளைகள் என்றால் ஒவ்வொரு பரிசலிலும் ஒரு பெரியவர் இருக்கிற மாதிரி ஆசிரியர்களைப் பிரித்து, பெயர் எழுதிய தாளைக் கரையில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு ஏறுங்கள். இந்தச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கும்போதே சேர்த்துக்கொண்டால் துறையில் பேரம் பேச வேண்டிய தேவையே வராது. தருமபுரியிலிருந்து சுமார் 46 கிலோமீட்டர், பென்னாகரம் தாண்டியதும் மலையிறக்கம். காலையிலேயே வந்து பரிசலை முடித்துவிட்டால், எண்ணெய், குளியல், மீன் வறுவல் எல்லாவற்றையும் அதற்குப் பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பரிசல் வேலை அறிந்தவர்கள், ஒகேனக்கல்