எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வையுங்கள்: ஹெபடைடிஸ் சி பயிற்சி பற்றி ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். வடசென்னையில் செவிலியராக வேலை பார்க்கிறேன். ஹெபடைடிஸ் சி என்பது கல்லீரலைத் தாக்கும் ஒரு வைரஸ் கிருமி. பெரும்பாலான ஹெபடைடிஸ் சி நோயாளிகளுக்கு இப்போது 12 வார மாத்திரை போதும். நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாகிவிடுகிறது. தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலையில் தொடங்கியதிலிருந்து பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். இவ்வளவு இருந்தும் காசிமேட்டிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் வருகிறவர்கள் பாதியில் நின்றுவிடுவதைப் பார்க்கிறேன். அவரவர் வேலையை அவரவர் தெரிந்து வைத்திருக்கிறோம். அடுத்த மேசையில் நடப்பதுதான் எங்களுக்குத் தெரிவதில்லை.

ஆபரேஷனுக்கு முன் எடுக்கும் ரேபிட் டெஸ்டில் ஒருவருக்கு பாசிட்டிவ் வருகிறது. கிருமி எப்போதோ உடம்புக்குள் வந்தது என்று மட்டுமே அதற்கு அர்த்தம். இன்னும் இருக்கிறதா என்பதை ஆர்.என்.ஏ. டெஸ்ட்தான் சொல்லும். லேப் டெக்னீசியனுக்கு இது அத்துபடி. ரிப்போர்ட்டைக் கையில் கொடுப்பவர் சொல்லாததால், நோயாளி மஞ்சள் காமாலை என்று நினைத்துக்கொண்டு கீழாநெல்லி தேடிப் போகிறார். முழுதாகக் குணமானவருக்கும் அந்த ரேபிட் டெஸ்ட் பெரும்பாலும் ஆயுசுக்கும் பாசிட்டிவ்தான் காட்டும். இது தெரியாமல் அவரை மறுபடி நோயாளியாக்கி அலைய விடுகிறார்கள்.

மருந்தாளுநர் விஷயம் இன்னும் முக்கியம். கல்லீரல் சுருக்கம் தொடங்கியவர்களுக்குத் தரும் வெல்படாஸ்விர் என்ற ஹெபடைடிஸ் சி மருந்து உடம்பில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். எங்கள் ஜனங்களோ மெடிக்கலில் அந்த அமிலத்தைக் குறைக்கும் கேஸ் மாத்திரை வாங்கி தினமும் வெறும் வயிற்றில் போடுகிறவர்கள். டாக்டரிடம் அதை ஒரு மருந்தாகவே சொல்ல மாட்டார்கள்; மாத்திரை கொடுக்கும் ஜன்னலில் கேட்டால் சொல்வார்கள். டி.பி.க்குத் தரும் ரிஃபாம்பிசினும் அப்படித்தான், சோஃபோஸ்புவிர் என்ற இன்னொரு ஹெபடைடிஸ் சி மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும். டி.பி. பணியாளருக்கும் கல்லீரல் டாக்டருக்கும் பேச்சுவார்த்தையே இல்லாவிட்டால் இதை யார் பிடிப்பது?

நான் போன பயிற்சிகளில் செவிலியர்கள் மட்டும்தான் இருந்தோம். தயவுசெய்து அதை மாற்றுங்கள். பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. சுற்றியுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்து ஒரு பஸ்ஸில் வந்துவிடலாம். டாக்டர், செவிலியர், லேப் டெக்னீசியன், மருந்தாளுநர், டயாலிசிஸ் டெக்னீசியன், ஆலோசகர், டி.பி. பணியாளர், ஊசி போதைப் பழக்கம் உள்ளவர்களிடையே களத்தில் வேலை செய்பவர்கள் எல்லோரையும் அங்கே கூட்டுங்கள். பெயரை மறைத்து ஓர் உண்மையான கேஸ் ஷீட்டை நடுவில் வைத்து, அவரவர் என்ன செய்வோம் என்று பேச விடுங்கள். வார்டு ஆயாம்மாக்களையும் கூப்பிடுங்கள். ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டிக்கொள்ளுமா என்று குடும்பத்தார் முதலில் கேட்பது அவர்களிடம்தான். ரத்தத்தின் வழியாகத்தான் பரவும், சேர்ந்து சாப்பிடுவதால் பரவாது என்று அவர்கள் வாயால் கேட்டால் வீட்டில் நம்புவார்கள்.

முதல் கூட்டத்திலேயே ஒன்றை முடிவு செய்யச் சொல்லுங்கள். கடைசி மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து எடுக்கும் டெஸ்டில்தான் குணமானது உறுதியாகும். அதற்குள் உடம்பு தேறி வேலைக்குப் போய்விட்டவரை போனில் கூப்பிட்டு வரவழைக்கும் பொறுப்பு யாருடையது என்று ஒரு பெயரை எழுதி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
வடசென்னைச் செவிலியர் ஒருவர்