கைதட்டியவர்களைப் பற்றி மகனுக்கு

அன்புள்ள ராசாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பா, பாப்பா எல்லாரும் நலம். உன்னோடு நாசிக்கில் போலீஸ் பயிற்சி எடுக்கிற பையன்களில் பாதிப்பேர் இந்தி 'சிங்கம்' பார்த்துத்தான் காக்கிக்கு ஆசைப்பட்டார்களாம், நான் மட்டும் அந்தப் படத்தைக் குறை சொல்கிறேனாம் என்று போனில் வருத்தப்பட்டாய். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் உனக்கு விசில் அடித்துவிட்டது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், நிதானமாகப் படி.

கைதட்டியவர்களை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். படம் வந்தது 2011 ஜூலையில். அந்த ஏப்ரலில்தான் அண்ணா ஹசாரே டெல்லி ஜந்தர் மந்தரில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். 2ஜி ஊழல் பேச்சு எல்லா வீட்டு டி.வி.யிலும் ஓடியது. நம்ம மும்பையில் ஆதர்ஷ் கட்டட ஊழலால் முதலமைச்சரே பதவி விலகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வாரா வாரம் ஹப்தா, அதுதான் மாமூல், கொடுத்துக் கடை நடத்துகிறவன், ஒரு இன்ஸ்பெக்டர் பெல்ட்டைக் கழற்றி ரவுடிகளை விளாசுவதைப் பார்த்தால் எழுந்து நிற்கத்தான் செய்வான். எங்கள் வரிசையில் ஒரு ஆட்டோக்காரர் தொண்டை கட்டும்வரை கத்தினார். உனக்கு அப்போது பத்து வயதுகூட இருக்காது, வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் பெல்ட்டைத் தேடினாய்.

நம்ம தாராவி சனங்களுக்கு வேறொரு கணக்கு இருந்தது. அவர்கள் அதன் மூலமான தமிழ்ப் படத்தை முந்தின வருஷமே பார்த்தாகிவிட்டதே. தூத்துக்குடிப் பக்கத்து நல்லூர் எங்கே, கோவா எங்கே, சூர்யாவின் வேகம் அஜய் தேவ்கனுக்கு வருமா என்று தண்ணீர்க் குழாயடியில் ஒரு வாரம் சண்டை. இரண்டு படத்திலும் வில்லன் பிரகாஷ்ராஜ்தான், இந்தியில் அவர்தான் படத்தையே தூக்கி நிறுத்தினார் என்பதில் மட்டும் எல்லாரும் ஒரே கட்சி. காதல் காட்சி வந்தால் எழுந்துபோய் டீ குடிக்கலாம் என்றாள் உன் சித்தி. அதுவும் சரிதான்.

எனக்கு அந்த இந்திப் படத்தில் பெரிய ஆள் நாயகன் பாஜிராவ் சிங்கம் இல்லை. முதலிலேயே செத்துப்போகிறாரே, கதம் என்கிற இன்ஸ்பெக்டர், அவர் மனைவிதான். சோனாலி குல்கர்னி நடித்திருப்பார். நேர்மையாக இருந்த மனுஷன்மேல் லஞ்சக் குற்றம் ஜோடித்து, மானம் தாங்காமல் அவர் தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறார். அந்தப் பெண் பணம் கேட்கவில்லை. என் புருஷன் லஞ்சம் வாங்கவில்லை என்று யாராவது எழுதிக் கொடுங்கள் என்பதுதான் அவள் கேட்பது. தியேட்டரில் பெண்கள் பக்கம் அந்த இடத்தில் மூச்சுப் பேச்சில்லை. ஒரு போலீஸ்காரனைக் கட்டிக்கொண்டவளுக்கு எது சொத்து என்று அந்தப் படம் எடுத்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

தெரிந்தும் கடைசியில் என்ன செய்தார்கள்? போலீஸ் படையே திரண்டு வில்லன் ஷிக்ரேயின் வீட்டுக்குள் நுழைகிறது, அவனைக் கொல்கிறது, அவனாகவே சுட்டுக்கொண்டான் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்கிறது. அதே வாயால் கதம் குற்றமற்றவர் என்றும் அறிவிக்கிறது. ராசா, பொய் எழுதி ஒருத்தரைக் கொன்றார்கள், அவர் பேரைத் துடைக்க இன்னொரு பொய்யை எழுதினார்கள். அந்த விதவை கேட்டது இதையா? ஷிக்ரேயைக் கூண்டில் ஏற்றி, ஜோடித்த பத்திரத்தை நீதிபதி முன்னால் கிழித்திருந்தால் அல்லவா அவள் பிள்ளை தலை நிமிர்ந்து பள்ளிக்கூடம் போவான்? எனக்குப் பிடிக்காதது இந்த ஓர் இடம்தான். அடிதடியில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 2023 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல், போலீஸ் அமைப்பு ஒன்றின் விழாவிலேயே இந்தக் கடைசிக் காட்சியை எடுத்துப் பேசினார். நியாயம் கிடைத்துவிட்டது என்று படம் சொல்கிறது, உண்மையில் கிடைத்ததா என்று கேட்டார். கோர்ட் தாமதிக்கிறது என்று சனங்களுக்குப் பொறுமை போய்விட்டது, அதனால் போலீஸ் குறுக்கு வழியில் போனால் கொண்டாடுகிறார்கள், அது ஆபத்து என்றார். 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே பெண் டாக்டர் கொலையில் பிடிபட்ட நாலு பேரைப் போலீஸ் சுட்டபோது பூப் போட்டார்களே, நினைவிருக்கிறதா? உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022-இல், அது வேண்டுமென்றே சுட்டது என்று சொல்லிவிட்டது. பூ போட்டவர்கள் யாரும் அந்த அறிக்கையைப் படித்திருக்க மாட்டார்கள்.

தமிழ் 'சிங்கம்' எடுத்த ஹரியே 2020-இல் வாய் திறந்தார். சாத்தான்குளத்தில் கடையை நேரத்துக்கு அடைக்கவில்லை என்று பிடித்துப்போன தகப்பனும் மகனும் போலீஸ் அடியில் செத்தார்களே, அப்போது. காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படம் எடுத்ததற்காக வேதனைப்படுகிறேன் என்று அறிக்கை விட்டார். அவர் படத்து நாயகன் துரைசிங்கம் பிறந்ததாகச் சொன்ன அதே தூத்துக்குடி ஜில்லாவில்தான் சாத்தான்குளமும் இருக்கிறது. அந்த அறிக்கையைப் பேப்பரில் படித்த அன்று அப்பா வெகுநேரம் பேசவில்லை. அது நம் ஊர்ப் பக்கம் அல்லவா?

நம்ம கீழ்வீட்டு போலீஸ் ஹவால்தார் காகாவிடம் நீ சொன்னதைச் சொன்னேன். அவருக்குப் படம் ரொம்பப் பிடிக்கும், இன்னும் டி.வி.யில் போட்டால் எழுந்திருக்க மாட்டார். ஆனால் அவருக்குப் பிடித்தது சண்டை இல்லை, ஷிக்ரே நினைத்ததும் சிங்கத்தைக் கோவாவுக்குத் தூக்கியடிக்கிற இடம். எங்கள் வாழ்க்கையை அப்படியே காட்டியிருக்கிறான் என்கிறார். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சேர்க்கைகூட அவர் ட்ரான்ஸ்ஃபரைப் பார்த்துத்தான் நடந்ததாம். 2006 செப்டம்பர் 22-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஸ்டேஷன் பொறுப்பாளருக்கும் எஸ்.பி.க்கும் குறைந்தது 2 வருஷம் ஓரிடத்தில் வேலை கொடு, புலன் விசாரணையைச் சட்டம் ஒழுங்கு வேலையிலிருந்து பிரி, போலீஸ் மேல் புகார் கேட்கத் தனி ஆணையம் வை என்று ஏழு கட்டளை போட்டது என்று அவர்தான் எனக்குச் சொன்னார். நீதிபதி படேல் பேசியதும் அதே செப்டம்பர் 22-இல்தான். ஷிக்ரே மாதிரி ஆட்களுக்கு உண்மையான பயம் அந்தத் தாளில்தான் இருக்கிறது என்கிறார் காகா. உங்கள் வகுப்பில் அதைச் சொல்லிக் கொடுத்தால் கவனமாகக் கேள். கொடுக்காவிட்டால் நீயாகத் தேடிப் படி.

உன் நண்பர்களிடம் இதைச் சொல். தியேட்டரில் கைதட்டினவர் உங்களுக்கு அனுமதி கொடுக்கவில்லை, உங்கள் மேல் புகார் கொடுத்தார். ஸ்டேஷன் வாசலில் நின்று நின்று கால் கடுத்தவர், அங்கே எழுதாத புகாரைத் தியேட்டரில் கத்திச் சொன்னார். நாளைக்கு நீ நாற்காலியில் உட்காரும்போது அவர் வருவார். ஹப்தா கேட்டார்கள் என்பார், பேர் சொல்லப் பயப்படுவார். பெல்ட்டால் அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதி, நகலைக் கையில் கொடுத்தாயானால் எனக்கு அது போதும்.

உன் பாசிங் அவுட் பரேடுக்கு நாங்கள் மூன்று பேரும் வருகிறோம். ஹவால்தார் காகாவும் பழைய தொப்பியோடு வருவேன் என்கிறார், அவருக்கும் ஒரு பாஸ் கேட்டு வை. முறுக்கும் பருப்புப் பொடியும் பார்சலில் போட்டிருக்கிறேன், உன் நண்பர்களுக்கும் கொடு.

அன்புடன்,
அம்மா