சிறுநீரக நோயாளிகளுக்கு உணவுப் பட்டியல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

சிறுநீரக மருத்துவர்களுக்கும், அவர்களோடு பணிபுரியும் உணவியல் வல்லுநர்களுக்கும் வணக்கம்.

என் அக்காவுக்கு மூன்றாம் நிலைச் சிறுநீரக நோய் இருப்பது தெரியவந்த அன்று, மருந்துச் சீட்டோடு நகலெடுத்த தாள் ஒன்றையும் கொடுத்தனுப்பினார்கள். ‘தவிர்க்க வேண்டியவை’ என்ற தலைப்பின் கீழ் முதல் வரியிலேயே தவிடு நீக்காத தானியங்கள் அனைத்தும் இடம்பெற்றிருந்தன; ‘உண்ணலாம்’ என்ற பக்கத்தில் வெண்மையாகத் தீட்டிய தானியங்களும் வெள்ளை மாவும் இருந்தன. அக்காவுக்குப் பல ஆண்டுகளாக நீரிழிவும் உண்டு. அதற்காக மற்றொரு மருத்துவர் முன்பே கொடுத்திருந்த தாளில் இதே இரண்டு வரிகளும் இடம் மாறி இருந்தன. இரண்டு தாள்களையும் சமையலறைச் சுவரில் அடுத்தடுத்து ஒட்டிவைத்துவிட்டு, எதை நம்புவது என்று தெரியாமல் அவர் சில வாரங்கள் அரைவயிறு உண்டே கழித்தார். அவருடைய இரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் அப்போது இயல்பான அளவில்தான் இருந்தன என்பதைப் பரிசோதனை அறிக்கையை எடுத்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன். நான் மருத்துவன் அல்லன். அந்த இரண்டு தாள்களுக்கும் இடையிலுள்ள முரணைப் புரிந்துகொள்ளப் படிக்கத் தொடங்கியவன் மட்டுமே. படித்ததிலிருந்து உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

உங்கள் தயக்கத்துக்குக் காரணம் இல்லை என்று நான் சொல்லவில்லை. நலமான இரு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை இரத்தத்திலிருந்து வடித்து, அதில் ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றி, எஞ்சியதை உடலுக்கே திருப்பித் தருகின்றன. இந்த வடிப்பு குன்றக் குன்றப் பாஸ்பரஸை வெளியேற்றுவது கடினமாகிறது. அது தேங்கும்போது எலும்பு வலுவிழக்கிறது, இரத்தக்குழாய்ச் சுவர்களில் சுண்ணம் படிகிறது. உணவுச்சத்து அட்டவணையைப் புரட்டினால், 100 கிராம் முழுக்கோதுமை மாவில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் தலா 350 மில்லிகிராமுக்குச் சற்று மேல் இருக்க, தவிடும் முளைக்கருவும் நீக்கப்பட்ட வெள்ளை மாவில் இரண்டுமே 110 மில்லிகிராமுக்கும் சற்றுக் குறைவாகவே இருக்கின்றன. இந்த அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டு எவர் எழுதினாலும் அக்காவுக்குக் கிடைத்த தாள்தான் கிடைக்கும்.

தானியத்தில் உள்ள பாஸ்பரஸ் முழுவதும் இரத்தத்தில் சேர்வதில்லை என்பது அந்த அட்டவணையில் தெரிவதில்லை. முழுத்தானியத்தின் பாஸ்பரஸில் பெரும்பகுதி பைட்டேட் என்னும் சேர்மத்தில் கட்டுண்டு கிடக்கிறது. விதை முளைக்கும்போது பயன்படுத்திக்கொள்வதற்காகத் தாவரம் தவிட்டிலும் முளைக்கருவிலும் சேமித்து வைத்திருக்கும் இருப்பு அது. அந்தக் கட்டை அவிழ்க்கும் பைட்டேஸ் நொதி மனிதக் குடலில் மிகவும் குறைவு என்பதால், உண்ட பாஸ்பரஸில் பாதிக்கும் குறைவானதே பெரும்பாலும் உட்கிரகிக்கப்படுகிறது. இறைச்சியிலும் பாலிலும் உள்ள பாஸ்பரஸ் இதைவிட எளிதாக உடலில் சேர்கிறது. பதப்படுத்திய உணவுகளில் சேர்க்கப்படும் பாஸ்பேட் உப்புகளோ 90 விழுக்காடும் அதற்கு மேலும் உட்கிரகிக்கப்படுகின்றன. (புளிக்கவைத்த மாவில் நுண்ணுயிர்களும் தானியத்தின் சொந்த நொதியும் பைட்டேட்டின் ஒரு பகுதியைச் சிதைத்துவிடுவதால், அங்கே இந்தக் கணக்கு சற்று மாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், சிறுநீரகச் செயல்பாடு வெகுவாகக் குறைந்திருந்த 9 பேருக்கு ஒரு வாரம் இறைச்சியிலிருந்தும், இன்னொரு வாரம் தானியம், சோயா ஆகியவற்றிலிருந்தும் புரதம் கிடைக்கும்படி உணவளித்தார்கள். இரண்டு உணவுகளிலும் பாஸ்பரஸின் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். தானிய வாரத்தின் முடிவில் இரத்தத்தில் பாஸ்பரஸ் குறைவாக இருந்தது. பாஸ்பரஸ் மிகும்போது ஏறும் எஃப்.ஜி.எஃப்-23 என்ற ஹார்மோனும் குறைந்திருந்தது. 9 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை, ஒரு வாரம் என்பது மிகக் குறுகிய காலம். ஆனாலும் தட்டில் உள்ள பாஸ்பரஸையும் இரத்தத்தில் சேரும் பாஸ்பரஸையும் ஒன்றாகக் கொள்ளக்கூடாது என்று காட்ட அது போதும். அமெரிக்கத் தேசியச் சிறுநீரக அறக்கட்டளை 2020-இல் திருத்தி வெளியிட்ட ஊட்டச்சத்து வழிகாட்டி, பாஸ்பரஸைக் கட்டுப்படுத்த முடிவெடுக்கும்போது அது விலங்குணவிலிருந்து வருகிறதா, தாவரத்திலிருந்து வருகிறதா, சேர்க்கைப் பொருளிலிருந்து வருகிறதா என்பதையும் கருத்தில் கொள்வது பொருத்தம் என்கிறது. பன்னாட்டுச் சிறுநீரக வழிகாட்டி அமைப்பான கே.டி.ஐ.ஜி.ஓ 2024-இல் வெளியிட்ட நெறிமுறையும், விலங்குணவைவிடத் தாவர உணவு மிகுந்த, மிகையாகப் பதப்படுத்தியவை குறைந்த உணவுமுறையையே நோயாளிகளுக்குப் பரிந்துரைக்கச் சொல்கிறது. இவற்றை எனக்கு முன்பே நீங்கள் படித்திருப்பீர்கள். நகலெடுத்த தாள்தான் இன்னும் பழைய தாளாகவே இருக்கிறது.

அந்தத் தாளால் நோயாளி இழப்பது என்ன என்பதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. சிறுநீரக நோய்க்கு உலகெங்கும் முதன்மையான காரணங்கள் நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும். நாளொன்றுக்கு மூன்று பரிமாறல் அளவு முழுத்தானியம் உண்பவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவாக இருப்பதைப் பல நீண்டகால ஆய்வுகளைத் திரட்டி 2013-இல் செய்த பகுப்பாய்வு காட்டியது. அதே போன்ற 2016-ஆம் ஆண்டுப் பகுப்பாய்வு ஒன்றில், நாளொன்றுக்கு 90 கிராம் முழுத்தானிய உணவு இதயத் தமனி நோய்க்கான வாய்ப்பு 19 விழுக்காடு குறைவதோடு தொடர்புற்றிருந்தது. சிறுநீரகம் பழுதானவர்களில் பலர் டயாலிசிஸ் நிலையை எட்டும் முன்பே இதய நோயால் இறந்துவிடுகிறார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிறுநீரகத்தைக் காக்கிறோம் என்று சொல்லி, அவர்களுடைய இதயத்துக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் துணைநிற்கும் உணவையே முதலில் விலக்குவது எப்படிப் பொருந்தும்?

தவிட்டோடு போவது நார்ச்சத்து மட்டும் அன்று. 100 கிராம் முழுக்கோதுமை மாவில் 130 மில்லிகிராமுக்கு மேலிருக்கும் மக்னீசியம், வெள்ளை மாவில் 20 மில்லிகிராமை ஒட்டிச் சுருங்கிவிடுகிறது. ஆயினும் சிறுநீரக நோயாளிக்கு நார்ச்சத்து செய்யும் வேலைதான் தனியாகச் சொல்லத் தக்கது. சிறுநீரகம் தளர்ந்தவரின் பெருங்குடலில் நார்ச்சத்து போதாதபோது, அங்குள்ள நுண்ணுயிர்கள் செரிக்காமல் எஞ்சிய புரதத்தைச் சிதைத்து இன்டால், பி-கிரிசால் போன்ற பொருள்களை உண்டாக்குகின்றன. இவை கல்லீரல் வழியே இன்டாக்சில் சல்பேட்டாகவும் பி-கிரிசைல் சல்பேட்டாகவும் மாறி இரத்தத்தில் கலக்கின்றன. இரத்தத்தில் இவை அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் டயாலிசிஸ் இயந்திரத்தாலும் இவற்றை எளிதில் வடித்தெடுக்க முடிவதில்லை. நார்ச்சத்து கிடைத்தால் நுண்ணுயிர்கள் அதையே முதலில் நொதிக்கவைத்து, குடற்சுவருக்கு உணவாகும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. நைட்ரசன் கழிவின் ஒரு பகுதியும் மலத்தோடு வெளியேறுகிறது. மலச்சிக்கல் நீங்குவது சிறிய நன்மையாகத் தோன்றலாம். ஆனால் சிறுநீரகம் தளர்ந்த உடலில் பொட்டாசியத்தை வெளியேற்றும் பணியில் குடலின் பங்கு கூடுகிறது என்பதால், பொட்டாசியத்துக்கு அஞ்சி நார்ச்சத்தைக் குறைத்து மலச்சிக்கலை வரவழைத்துக்கொள்வதில் ஒரு நகைமுரண் இருக்கிறது.

முழுத்தானியம் சிறுநீரகத்தைக் காத்தே தீரும் என்று உறுதிகூற எனக்கும் துணிவில்லை. மேலே சொன்ன பெரும்பாலான எண்கள் மக்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து கண்ட தொடர்புகள். முழுத்தானியம் உண்பவர்கள் பொதுவாகப் புகைபிடிப்பது குறைவு, நடப்பது அதிகம் என்பதால் பெருமை முழுவதையும் தானியத்துக்கே கொடுத்துவிட முடியாது. இரத்த அழுத்தத்தைக் குறைப்பதற்கென வகுக்கப்பட்ட டாஷ் உணவுமுறையை ஒட்டி உண்பவர்களுக்குச் சிறுநீரக நோய் குறைவாக வந்ததை 2016-இல் வெளியான நீண்டகால அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அதன் கூறுகளைத் தனித்தனியே பிரித்துப் பார்த்தபோது கொட்டைகளும் பருப்பு வகைகளும் கொழுப்பு குறைந்த பாலும் நன்மைப் பக்கத்திலும், சிவப்பிறைச்சி தீமைப் பக்கத்திலும் நின்றன. முழுத்தானியம் அந்தப் பட்டியலில் முன்னே வரவில்லை. தானியங்கள் காய்கனிகளைப் போல உடலின் அமிலச் சுமையைக் குறைப்பவையும் அல்ல. ஆகவே ‘காக்கக்கூடும்’ என்ற சொல்லோடு நான் நின்றுகொள்கிறேன். விலக்குவதற்கும் அதே அளவு சான்று கேட்பதுதானே முறை?

நோய் முற்றியவர்களின் நிலை வேறு என்பதையும் மறக்கவில்லை. மருந்து கொடுத்தும் இரத்தப் பாஸ்பரஸ் இறங்காதவருக்கும், பொட்டாசியம் திரும்பத் திரும்ப ஏறுபவருக்கும், சிறுநீரில் ஆக்சலேட் என்ற உப்பு மிகுந்து கற்கள் உண்டாகும் ஒருவருக்கும் (கோதுமைத் தவிட்டில் ஆக்சலேட் உண்டு) அளவு குறிக்கவோ விலக்கவோ நேரலாம். அவர்களுக்காக எழுதப்பட்ட கட்டுப்பாட்டை, சிறுநீரில் அல்புமின் சற்றே கசியத் தொடங்கிய, நோயின் தொடக்க நிலையிலுள்ள ஒருவருக்கும் சேர்த்து நகலெடுப்பதைத்தான் நான் மறுக்கிறேன்.

அந்தத் தாளில் இல்லாமல் போன ஒரு வரியையும் குறிப்பிட வேண்டும். பொதியில் அடைத்த ரொட்டி, உடனடியாகச் சமைக்கும் கலவை, பதப்படுத்திய இறைச்சி, சில கறுப்புக் குளிர்பானங்கள் ஆகியவற்றில் உள்ள பாஸ்பேட் சேர்க்கைகளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பொதியின் பின்புறத்தில் பாஸ்பேட், பாஸ்பாரிக் அமிலம் என்ற சொற்களைத் தேடிப் படிக்குமாறு எவரும் அக்காவுக்குச் சொல்லித்தரவில்லை. ‘பலதானியம்’ என்று அச்சிட்டது முழுத்தானியமாக இருக்க வேண்டியதில்லை என்பதும், பழுப்பு நிறம் சாயத்தாலும் வரும் என்பதும், முழுத்தானிய ரொட்டியிலேயே உப்பும் பாஸ்பேட் கலந்த உப்பவைக்கும் தூளும் இருக்கலாம் என்பதும், நோயாளிக்குத் தாமாகத் தெரிந்துவிடக்கூடியவை அல்ல.

ஆகவே என் வேண்டுகோள் இது. ‘தவிர்க்கவும்’ என்று எழுதும் முன் அந்த நோயாளியின் இ.ஜி.எஃப்.ஆர் (சிறுநீரகத்தின் வடிக்கும் திறனைக் காட்டும் எண்), பாஸ்பரஸ், பொட்டாசியம் ஆகிய மூன்று எண்களையும் தாளின் தலைப்பிலேயே எழுதுங்கள். பாஸ்பரஸும் பொட்டாசியமும் இயல்பாக இருந்தால் முழுத்தானியத்தை ‘உண்ணலாம்’ என்ற பக்கத்துக்கு மாற்றி, எவ்வளவு என்பதையும் குறியுங்கள். எண்கள் மாறினால் தாளையும் மாற்றுங்கள். கட்டுப்படுத்த வேண்டி வந்தால், முதலில் சேர்க்கைப் பொருள்களையும் உப்பையும், கடைசியில் தானியத்தையும் கட்டுப்படுத்துங்கள். நீரிழிவு மருத்துவர் எழுதிய தாளை ஒருமுறை வாங்கிப் பார்த்துவிட்டு உங்கள் தாளை எழுதுங்கள். இன்னும் சிறுநீரகம் பழுதாகாத, ஆனால் சர்க்கரையும் அழுத்தமும் உள்ளவர்களிடம், தீட்டிய தானியத்தின் ஒரு பங்கை முழுத்தானியமாக மாற்றிக்கொள்ளும்படி இப்போதே சொல்லத் தொடங்குங்கள்.

அக்காவின் சுவரில் இரண்டு தாள்களும் இன்னமும் இருக்கின்றன. அடுத்த மாதப் பரிசோதனைக்கு வரும்போது இரண்டையும் எடுத்து வருவோம். ஒரே தாளாக்கித் தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் தம்பி